கை காட்டினாலும் நிறுத்தாதவர்

பாட்டைப் பாதியில் நிறுத்தினால் அவருக்கு ஆகாது. கோபப்படமாட்டார். தும்மல் வருவதுபோல் வந்து வராமல் போனால் ஒருவர் முகம் எப்படி இருக்கும், அப்படி ஆகிவிடும் அவர் முகம்.

எங்கள் டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில், மாரியம்மன் கோவிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பழைய சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மைக் செட்காரர் அதை நடுவில் வெட்டிவிட்டு, பாத்திரம் கொண்டுவராதவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம் என்று அறிவிக்கிறார். அறிவித்துவிட்டு வேறு பாட்டைப் போடுகிறார். அப்போது அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்த இவர், வெள்ளைத் தலையும் ஜெர்மனியில் வாங்கிய கனத்த செருப்புமாக, மைக் செட் பந்தலுக்குள் குனிந்து நுழைகிறார்.

"தம்பி, மிச்சத்தப் போடு."

"எந்த மிச்சம்ங்க?"

"ரெண்டாவது சரணம் பாதியில நின்னுகினு இருக்கு பாரு, அது."

"அது பழைய பாட்டு. யாருங்க அதக் கேட்டுகினு இருக்கப்போறாங்க?"

"நான் கேட்டுகினு இருந்தேனே."

மைக் செட்காரர் போட்டார். இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மண்டை பிளக்கும் வெயிலில், பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டு நடந்தார். இதை எனக்குச் சொன்னது அவருடைய அக்கா. "மாதா கோவில்ல பூசை நடுவுல எழுந்து வெளிய போயி பீடி புடிச்சவன் பெத்த புள்ள, மாரியாத்தா கோவில் வாசல்ல போயி மூணு நிமிசம் அட்டென்ஷன்ல நின்னுட்டு வரான்" என்றார்.

இப்படிப்பட்ட மனிதரை நான் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். அதைவிட, முதலில் தவறாகத் தெரிந்துகொண்டேன். அந்தத் தவறைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு வழியில்லை.

நான் சுரங்கத்தில் பொறியாளராக வேலை பார்த்தவன். 2012இல் ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. டவுன்ஷிப்பில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்திவந்த ஒரு கலை மன்றத்துக்கு நான்தான் செயலாளர். நல்ல கச்சேரிகளை ஏற்பாடு செய்தோம். முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டோம். இசை தெரிந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். வடக்குத்தில் இருக்கும் ரிட்டயர்டு நர்ஸம்மாவின் தம்பி என்று சொல்லிக்கொண்டார். அந்த அம்மாவை எங்களுக்கெல்லாம் தெரியும், எங்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட்டவர். தம்பி ஜெர்மனியில் ஒரு நகரத்து இசைக்குழுவில் பல வருடம் கிளாரினெட் வாசித்தவர், பிறகு அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தவர், மனைவி போன பிறகு அக்காவிடம் வந்து இருக்கிறார் என்பதையெல்லாம் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவருடைய தமிழ், அவர் ஊரைவிட்டுப் போன வருடத்திலேயே நின்றிருந்தது. அவருடைய சொந்தக்காரர்களே டவுன்ஷிப்புக்குள் வந்தால் 'வீடு' என்று திருத்திப் பேசுகிற காலத்தில், இவர் என் எதிரில் நின்று 'எங்க வூடு' என்றார்.

வந்த விஷயம் இது. வடக்குத்தில் ஆறுமுகம் என்பவர் ஒரு பேண்டு செட் வைத்திருக்கிறார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்கள்தான் அதில் வாசிக்கிறார்கள். கல்யாணம், சாவு, கட்சி ஊர்வலம் என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார்கள். அவர்களை வைத்து இவர் ஒரு முழு இசைக்கோவை தயார் செய்ய நினைக்கிறார். மன்றத்தின் அரங்கத்தில், மேடையில், நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிக்க ஒரு மாலை வேண்டும்.

அவரும் பேண்டு வாசித்தவர் ஒருவரின் மகன் என்று அக்காவை வைத்து எனக்குத் தெரியும். சொந்த ஊரான மேல்பட்டாம்பாக்கத்தில் அவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்பதும் தெரியும். மேடை கலைஞர்களுக்கு உரியது என்றேன். வேண்டுமானால் ஆண்டு விழா அன்று தலைமை விருந்தினர் வரும்போது கேட்டில் நின்று வாசிக்கட்டும், வழக்கமாக அதற்கு ஒரு செட் கூப்பிடுவோம் என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சு முழுவதும் நான் உட்கார்ந்திருந்தேன், அவர் நின்றிருந்தார்.

ஆண்டு விழா அன்று ஆறுமுகம் செட் சிவப்புக் கோட்டும் தங்கச் சரிகையுமாகக் கேட்டில் நின்றது. விருந்தினரின் கார் வந்ததும் வாசிக்க ஆரம்பித்தார்கள். விருந்தினர் இறங்கினார், மாலை வாங்கினார், சிரித்தார், கேட்டைத் தாண்டினார். நான் வழக்கம்போல் கை காட்டினேன். எல்லா ஊரிலும் அப்படித்தான். வரவேண்டியவர் உள்ளே வந்துவிட்டால் பேண்டு நிற்கவேண்டும். கத்தியால் அறுத்த மாதிரி நின்றது.

ஒரு கிளாரினெட் மட்டும் நிற்கவில்லை.

இரண்டாவது வரிசையில், மற்றவர்களைப் போலவே சிவப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு அவர் வாசித்துக்கொண்டிருந்தார். விருந்தினர் திரும்பிப் பார்த்தார். என்ன செய்வது என்று தெரியாமல் புன்னகையோடு நின்றார். அவர் நின்றதால் எல்லோரும் நின்றார்கள். நான் மறுபடி கை காட்டினேன். பிறகு அருகில் போய், பல பேர் காதில் விழும்படி, "நிறுத்துய்யா, இது சாவு வீடு இல்ல" என்றேன்.

அவர் நிறுத்தவில்லை. மிச்சம் ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது. வாசித்து முடித்து, குழலை இறக்கி, வாய் வைக்கும் இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"சாவு வூட்லயும் முழுசாத்தான் வாசிக்கணும் சார்."

சொல்லிவிட்டு மற்றவர்களோடு பின்பக்கம் சாப்பிடப் போய்விட்டார். அன்று முழுவதும் என் கோபம் தணியவில்லை. அதற்குப் பெயர் கோபம் இல்லை என்று ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

அவர் வாழ்க்கையில் இந்தக் குணம் எங்கெல்லாம் அவருக்கு நல்லது செய்தது, எங்கெல்லாம் கெட்டது செய்தது என்பதைப் பிறகு துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறேன். அக்காவுக்கு மனதில் ஒரு முள் உண்டு. அப்பா இறந்த செய்தி அவருக்கு ஒரு கச்சேரியின் இடைவேளையில் போய்ச் சேர்ந்தது. அவர் உள்ளே போய்ப் பிற்பாதியை வாசித்து முடித்துவிட்டுத்தான் புறப்பட்டார். வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

"அப்பனப் போட்டுகினு நாங்க இங்க காத்துகினு இருந்தோம். இவன் அங்க ஊதிகினு இருந்தான்" என்று அவர் முன்னாலேயே அக்கா என்னிடம் சொன்னார்.

"அப்ப கெளம்பியிருந்தாலும் அதே பிளைட்தான் அக்கா."

"பிளைட்டப் பத்தி யாருடா பேசுனா?"

முடிக்கிற மனிதருக்கும் முடிக்க முடியாத பேச்சு ஒன்று இருந்தது.

சாவு ஊர்வலத்தில்தான் அவருக்கு ஆறுமுகம் பழக்கமானாராம். ஊருக்கு வந்த புதிதில், தெருவில் போன ஒரு பாடையின் முன்னால் ஆறுமுகம் செட் ஒரு பாட்டை அருமையாக எடுத்து, முக்கு திரும்பியதும் அப்படியே விட்டுவிட்டது. இவர் வீட்டுக்குள் ஓடி, கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போயிருக்கிறார். சுடுகாட்டுப் பாதையில் ஆறுமுகத்தைப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து வாசித்துக் காட்டி, இதற்கு மேல் உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்டாராம். ஆறுமுகத்துக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அதுவரை யாரும் வாசிக்கவிட்டதில்லை. அன்றிலிருந்து இவர் அவர்களோடு போக ஆரம்பித்தார். "பெரிய புரொபசரு. சாவுக்கு ஊதப் போறான்" என்று அக்கா தெருவில் சொல்லிச் சிரிப்பார். ஆனால் கோட்டை இஸ்திரி போட்டுக் கொடுப்பதும் அவர்தான்.

ஓய்வு பெறும் நாளில் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆபீசில் மாலை போட்டு, பேண்டு முன்னே போக, உடன் வேலை பார்த்தவர்கள் பின்னே வர, குவார்ட்டர்ஸ் வாசல்வரை நடத்திக்கொண்டுபோய் விடுவார்கள். என் முறை வந்தது. என் டிவிஷன்காரர்கள் கூப்பிட்டது ஆறுமுகம் செட். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. சிவப்புக் கோட்டுகளுக்கு நடுவே அந்த வெள்ளைத் தலையைப் பார்த்ததும் எனக்கு மாலை கனத்தது.

வாசலில் என் மனைவி ஆரத்தி எடுத்தாள். ஆரத்தி முடிந்ததும் யாரோ கை காட்டினார்கள். பேண்டு நின்றது. ஷிப்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதிப் பேர் என் கையைக் குலுக்கிவிட்டுக் கிளம்பினார்கள். மீதிப் பேர் இனிப்பு டப்பாவோடு கிளம்பினார்கள். கிளாரினெட் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தது. நான் கழுத்தில் மாலையோடு, செருப்பைக் கழற்றிவிட்டு, என் வீட்டு வாசலிலேயே நின்றேன். எனக்குப் போவதற்கு இடமும் இல்லை, நாளைக்குச் செய்வதற்கு வேலையும் இல்லை. எனவே கேட்டேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்த பாட்டுதான். அதன் முடிவு எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. கடைசி அடியை அவர் கீழே, மிகக் கீழே கொண்டுபோய், ஓசைக்கும் மூச்சுக்கும் வித்தியாசம் இல்லாத ஓர் இடத்தில் வைத்துவிட்டுக் குழலை எடுத்தார். எத்தனை பேண்டுகளுக்குக் கை காட்டியிருக்கிறேன். ஒன்றுகூட எப்படி முடிகிறது என்று கேட்டவனில்லை.

அவர் கைக்குட்டையை எடுத்தார். நான் படியிறங்கிப் போனேன்.

"அன்னிக்கு கேட்டுல நான்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. என் சர்வீஸ் முழுக்க, நான் இப்படிப் பாதி சொன்னாலே எதிரில் இருப்பவர் பரவாயில்லை சார், விடுங்க சார் என்று சொல்லிவிடுவார். அதற்குக் காத்திருந்தேன்.

அவர் அதைச் சொல்லவில்லை. "சொல்லி முடிங்க சார்" என்றார். குரலில் கடுமை இல்லை.

"எல்லார் முன்னாலயும் சாவு வீடுன்னு சொன்னேன். வாய் தவறி வரல. உங்களச் சின்னதாக்கணும்னுதான் சொன்னேன். அதுக்கு முன்னாடி நீங்க வீட்டுக்கு வந்தப்போ உக்காரச் சொல்லல. மறந்துபோயி இல்ல. ஏன் சொல்லலன்னு எனக்கே தெரியும். அது தப்பு."

என் மனைவி ஆரத்தித் தட்டோடு படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறுமுகம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். இவர் கடைசி வார்த்தைவரை கேட்டுவிட்டு, ஒரு பாட்டு முடிந்தபின் தலையசைப்பதைப்போல் தலையசைத்தார்.

"சரிங்க. நாளையிலேர்ந்து ஆபீஸ் இல்லியே உங்களுக்கு. சாயந்திரம் வடக்குத்துக்கு வாங்க. வெள்ளச் சட்ட போட்டுகினு வாங்க."

எதற்கு வெள்ளைச் சட்டை என்று மறுநாள் தெரிந்தது.

அக்கா வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று. அதில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நான் உள்ளே கால் வைத்தேன். மொத்த பேண்டும் நின்றுவிட்டது. ஆறுமுகம் மடியில் வைத்து வாசிக்கும் அந்தப் பெரிய பித்தளை யூபோனியத்தோடு எழுந்தே நின்றுவிட்டார்.

"பாத்தீங்களா? இதான் இவங்க வியாதி. வெள்ளச் சட்ட உள்ள வந்தா நின்னுடுது. வெளிய போயித் திரும்ப வாங்க சார்."

வெளியே போய்த் திரும்ப வந்தேன். நின்றது. மறுபடி போய் வந்தேன். நின்றது. அவரவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. யாரும் நிறுத்தவேண்டும் என்று நினைத்து நிறுத்தவில்லை. விரலும் உதடும் தானாக நின்றன. குறுக்கே யார் வந்தாலும், யார் கை தூக்கினாலும், கடைசிவரை வாசிக்க இவர்களைப் பழக்கவேண்டும். அதற்கு ஓர் ஆபீசர் தேவைப்பட்டார். அந்த வேலைதான் எனக்கு.

ஓய்வுக்குப் பிறகு சில மாதம் நான் பார்த்த உத்தியோகம் அது. தினமும் சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் போவேன், குறுக்கே நடப்பேன், கை காட்டுவேன், வெளியே வருவேன். அக்கா ஓரமாக முக்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டே, "டூட்டியில இருந்தப்பகூட சார் இவ்ளோ ரவுண்ட்ஸ் போயிருக்க மாட்டாரு" என்பார்.

முதலில் டிரம்ஸ்காரர் நிற்காமல் பழகினார். பிறகு டிரம்பெட்டுகள். ஆறுமுகம்தான் கடைசிவரை வழிக்கு வரவில்லை. நான் கையைத் தூக்கும் முன்பே, தூக்கலாம் என்று நினைக்கும்போதே, அவர் வாயிலிருந்து குழல் இறங்கிவிடும். அந்த இசைக்கோவையில் முடிவுக்கு முந்திய நீண்ட தனிப்பகுதி அவருக்கு. அதை அவர் ஊதி நிறைத்தால்தான் மற்றவர்கள் முடிவுக்குப் போய்ச் சேர முடியும்.

ஒருநாள் இடைவேளையில் ஆறுமுகமே என்னிடம் சொன்னார். "கை காட்டனதும் நிக்கலன்னா அடுத்த வாட்டி வேற செட்டக் கூப்புடுவாங்க சார். எங்கப்பா எனக்குச் சொல்லிக்குடுத்த மொதப் பாடமே அதாங்க. ஊதறதுல்லாம் அப்புறம்தான்."

சுரங்கத்தில் கரி கொண்டுபோகும் என் பெல்ட் லைனில் அவர் வருடக்கணக்காக வேலை செய்திருக்கிறார். அங்கேயும் நான் வந்தால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்பாராம். நான் அவரைப் பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை.

"அவர் பகுதிய வேற யாருக்காவது குடுத்துடலாமே" என்று நான் இவரிடம் ஒருமுறை சொன்னேன். இவர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒன்றைச் சொன்னார். ஒரு மாணவி தேர்வில் நடுங்கிக்கொண்டே மோசமாக வாசித்தாள். உடன் இருந்த ஆசிரியர்கள் போதும் என்று கை தூக்கினார்கள். கேட்டவரைக்கும் மார்க் போடலாம் என்பது அவர்கள் வாதம். இவர் மட்டும், வாசித்து முடிக்கட்டும், அதுவரை நான் பேனாவைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவள் முடித்தாள். தேறினாளா என்று கேட்டேன்.

"இல்ல. பெயிலுதான். ஆனா எதுல பெயிலுன்னு அவளுக்கு முழுசாத் தெரிஞ்சிது. அடுத்த வருசம் வந்து பாஸ் பண்ணா."

அப்போது மின்வெட்டுக் காலம் முழுதாக முடியவில்லை. டவுன்ஷிப்பில் விளக்கு எரியும், வேலிக்கு அந்தப் பக்கம் வடக்குத்தில் அணைந்துபோகும். ஒரு மத்தியானம் அவர் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு என் குவார்ட்டர்ஸுக்கு வேகமாக நடந்து வந்தார். ஜெர்மனியிலிருந்து பழைய மாணவர் ஒருவர் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. என் வீட்டில் செருகி, தொடர்பு கிடைத்ததும், விட்ட இடத்திலிருந்து வாசிக்கச் சொல்லி உட்கார்ந்தார். அந்த மாணவருக்கே ஐம்பது வயது இருக்கும். பள்ளிப் பிள்ளைபோல் வாசித்தார். அன்று என் வீட்டு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார், நானும் என் மனைவியும் பின்னால் நின்றோம். நிற்கும்போது எனக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அவருடைய பெருமையையும் சொல்லவேண்டும். அடக்கமானவர் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக்கூடாது. இந்த நாட்டில் தன்னைப்போல் கிளாரினெட் வாசிக்க ஆள் இல்லை என்று அவரே சொல்வார். இசைக்குழுவில் அவர் கடைசிவரை இரண்டாவது கிளாரினெட்டாகவே இருந்தார். ஏன் என்று கேட்டால், முதல் நாற்காலிக்காரன் எங்கே மூச்சு வாங்கப் போகிறான் என்று அவனுக்கு முன்பே தெரிந்துகொள்கிறவன்தான் இரண்டாவது நாற்காலியில் உட்கார முடியும், அது கடினமான வேலை, எல்லோருக்கும் வராது என்பார்.

மன்றத்தில் எனக்குப் பிறகு செயலாளரானவர் என்னிடம் வேலை பழகியவர். அவர் மேசை முன்னால் போய் உட்கார்ந்து, அரங்கம் கேட்டேன். மேடை கலைஞர்களுக்கு உரியது என்றார். அது என் வார்த்தை, என் குரலில்கூட இருந்தது. விடாமல் ஒரு மாதம் போய் உட்கார்ந்தேன். கடைசியில் ஆண்டு விழாவில், தலைமை விருந்தினர் பேசுவதற்கு முன்னால், கால் மணி நேரம் தந்தார். அந்த இசைக்கோவைக்கு அதைப்போல் இரண்டு பங்கு நேரம் வேண்டும். கால் மணி போதும் என்று நான் பொய் சொன்னேன். இந்த வாழ்க்கையில் நான் வருத்தப்படாத பொய் அது ஒன்றுதான்.

அவர் இறந்துபோனது அதற்குச் சில வருடம் கழித்து. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொல்ல எனக்கு மனமில்லை. மேல்பட்டாம்பாக்கத்தில் அப்பா பக்கத்தில் அடக்கம். ஆறுமுகம் செட் வாசித்தது. பங்குச் சாமியார் செபத்துக்குப் புத்தகத்தைத் திறந்துவிட்டு, பாட்டு முடியும்வரை காத்திருந்தார். அவ்வளவுதான்.

அந்த ஆண்டு விழா அன்று சாயங்காலம், கோட்டு வேண்டாம், எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்கிறோம், மேடைக்கு அதுதானே மரியாதை என்று ஆறுமுகம் கேட்டார். இவர் மறுத்துவிட்டார். கேட்டில் நின்றபோது எதைப் போட்டிருந்தீர்களோ அதோடுதான் உள்ளே போகவேண்டும் என்றார். சிவப்புக் கோட்டுகள் மேடை ஏறின. அவர்கள் வேட்டிக்கு மேலும் பேண்ட்டுக்கு மேலும் அதைப் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்ததைப் பார்த்து முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்வரிசைகளில் வடக்குத்து ஜனம் நிறைந்திருந்தது. இவர் ஆறுமுகத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். கையசைத்து நடத்த யாரும் இல்லை. இவர் மூக்கால் ஒரு மூச்சு இழுத்தார், அந்த மூச்சில் எல்லோரும் இழுத்தார்கள், ஆரம்பித்துவிட்டது.

நான் மேடையின் பக்கவாட்டில் திரை ஓரமாக நின்றிருந்தேன்.

அதில் என்னவெல்லாம் இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. சாவுக்கு அடிக்கும் அடி ஒன்று ஆரம்பத்தில் வந்தது. அதைக் கேட்டதும் அரங்கத்தில் ஒரு முனகல் எழுந்தது, அபசகுனம் என்று. ஆனால் அந்த அடி மெல்ல மெல்லக் கல்யாண அடியாக மாறியபோது எந்த இடத்தில் மாறியது என்று ஒருவராலும் பிடிக்க முடியவில்லை. முன்வரிசைச் சிரிப்பு நின்றுபோயிருந்தது. கால் மணி கடந்தது. செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மேடையைப் பார்த்தேன்.

ஆறுமுகத்தின் பகுதி வந்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராக அடங்க, அவர் மட்டும் எழும்பினார். அவர் நான்கு அடி வாசித்திருப்பார், தலைமை விருந்தினர் எழுந்தார். கடலூரில் அவருக்கு இன்னொரு விழா இருந்தது. முன்வரிசை நடுவில், விளக்கு வெளிச்சத்தில், வெள்ளைச் சட்டை நிமிர்ந்தது. செயலாளர் பதறி எழுந்து மேடையைப் பார்த்துக் கை காட்டினார்.

ஆறுமுகம் அதைப் பார்த்துவிட்டார். ஓசை மெலிந்தது. குழல் உதட்டிலிருந்து ஒரு நூல் விலகியதை நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தேன். இத்தனை மாதம் நான் குறுக்கே நடந்ததெல்லாம் வீண் என்று நினைத்தேன். நான் பொய் ஆபீசர். அங்கே நின்றவர் நிஜம்.

இவர் ஆறுமுகத்தின் பக்கம் திரும்பவில்லை. கண் காட்டவில்லை. கீழே ஒரே சுரத்தைப் பிடித்து, தரை போட்டுக் கொடுப்பதைப்போல், விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். மூச்சு தீரும் நேரம் வந்தும் விடவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. ஆறுமுகம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். குழல் உதட்டுக்கு வந்தது. வந்த ஓசை கொட்டகையில் ஒருநாளும் வராத ஓசை. முரட்டுத்தனமாக, அகலமாக, தகரத்தைக் கிழிப்பதைப்போல் எழுந்து, பிறகு தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, எண்ணெய்போல் வழிந்து போனது.

விருந்தினர் நின்றுகொண்டிருந்தார். அவர் எழுந்தால் அந்த வரிசையே எழவேண்டும், அது எழுதப்படாத சட்டம். நானும் அப்படி எத்தனையோ முறை எழுந்திருக்கிறேன். அவர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். ஒருவரும் எழவில்லை. யாரும் அவரைக் கவனிக்கவே இல்லை. பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் குரல், "மறைக்குது, உக்காருங்க சார்" என்றது. விருந்தினர் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவர்களை நிறுத்த யாராலும் முடிந்திருக்காது. கடைசிப் பகுதியில் எல்லோரும் சேர்ந்துகொண்டபோது அரங்கத்துக் கூரைத் தகடுகள் அதிர்ந்தன. அவ்வளவு பெரிதாக எழுந்த இசை ஒரே வீச்சில் வந்து முடிந்தது. உண்மையாகவே முடிந்தது. இனி ஒன்றும் மிச்சமில்லை என்று எல்லோருக்கும் தெரியும்படி முடிந்தது.

கைதட்டல் எழுந்ததும் மேடையில் குழப்பமாகிவிட்டது. கைதட்டு வாங்கிப் பழக்கமில்லாதவர்கள். வேலை முடிந்தது என்று டிரம்ஸ்காரர் வாரைக் கழற்ற ஆரம்பித்தார். இவர் சைகையால் எல்லோரையும் உட்கார வைத்தார். பிறகு, பெரிய இசைக்குழுக்களில் செய்வதைப்போல், ஒவ்வொருவராகக் கையால் காட்டி எழுந்து நிற்கச் சொன்னார். டிரம்ஸ்காரர் எழுந்தார், அரங்கம் தட்டியது. டிரம்பெட்காரர்கள் எழுந்தார்கள். வடக்குத்து வரிசைகளில் பெயர் சொல்லிக் கூவினார்கள்.

கடைசியாக ஆறுமுகத்தைக் காட்டினார். ஆறுமுகம் முதுகை வளைத்து, நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்து, கும்பிட்டபடியே மறுபடி உட்காரப் போனார். முன்வரிசையில் முழுக்க வெள்ளைச் சட்டைகள்.

இவர் அவர் முழங்கைக்குக் கீழே கைகொடுத்துத் தடுத்தார். திரை ஓரத்தில் நின்ற என் காதில் தெளிவாக விழுந்தது.

"என்னா பாதியில நிக்கற? முழுசா எழுந்திரு."

ஆறுமுகம் எழுந்தார். யூபோனியத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, அரங்கத்தை நேராகப் பார்த்து நின்றார். அவர் அவ்வளவு உயரம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.